அப்பாவின் கால் புண், விரலை எடுக்கத்தான் வேண்டுமா?

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. மாந்தோப்பில் முள் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை, இப்போது பெருவிரலில் சீழ். விரலை எடுக்கணும் என்கிறார் டாக்டர். வேறு வழி உண்டா?

பதில் 1: சீழ் என்றால் இன்றைக்கே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். காய்ச்சலோ விரலில் கருப்போ தெரிந்தால் ராத்திரி என்றும் பார்க்காதீர்கள். காலுக்கு ரத்தம் போகிறதா என்று டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்களா? அடைப்பு இருந்தால் ரத்தக்குழாய் சர்ஜன் அதைச் சரிசெய்யாமல் புண் ஆறுவது கஷ்டம், விரலை எடுத்தாலும் அந்த இடம் ஆறாது.

பதில் 2: என் அம்மாவுக்குக் கால் தப்பியதே சர்க்கரை டாக்டர், சர்ஜன், கட்டு மாற்றும் நர்ஸ், எம்.சி.ஆர். செருப்புக்கு (சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பு) அளவெடுத்தவர் எல்லோரும் கலந்து பேசிப் பார்த்ததால்தான். அப்புறம், புண்மேல் பாரம் விழவே கூடாது, நடக்க விடாதீர்கள்.

கேட்டவர்: டாப்ளர் எடுக்கவில்லை. இப்போதே கிளம்புகிறோம்.