முதல் தடவை சைக்காலஜிஸ்ட்டிடம் போகிறேன், என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

பாளை_28 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 28 வயது. பாளையங்கோட்டையில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. பில் போடும்போது தொகையைத் தப்பாக அடிக்கிறேன். முதலாளி இரண்டு தடவை கவனித்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் இப்படிப் போனதில்லை. மாத்திரை கொடுத்துவிடுவார்களா? அம்மாவுக்குத் தெரியவருமா? எனக்குப் பெண் பார்க்கிற பேச்சு நடக்கிறது, அதனால் கேட்கிறேன். எத்தனை தடவை போக வேண்டியிருக்கும்? வெளியே சொல்லவே கூச்சமான ஒரு விஷயமும் இருக்கிறது. அதை முதல் நாளே சொல்லியாக வேண்டுமா?

காவேரிக்கரை, ஈரோடு:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சொல்லியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. "ஒரு விஷயம் இருக்கிறது, இப்போது சொல்ல முடியவில்லை" என்று மட்டும் சொன்னால்கூடப் போதும். நல்லவராக இருந்தால் அவர் அதைத் தோண்ட மாட்டார்.

எனக்கு 46 வயது, ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறேன். 2018இல் ராத்திரி நேரத்தில் திடீரென்று நெஞ்சு படபடக்கும், கை மரத்துப் போகும், இதோ உயிர் போகிறது என்று தோன்றும். மூன்று தடவை ஈசிஜி, ஒரு எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல், டென்ஷன்தான் என்றார்கள். பேருந்தில் ஏறுவதையே விட்டுவிட்டேன்.

யாரோ சொன்னார்கள் என்று கவுன்சிலிங் கொடுக்கிற ஒருவரிடம் போனேன். முக்கால் மணி நேரத்தில் அரை மணி நேரம் அவரே பேசினார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போங்கள், நல்லதையே நினையுங்கள், என் அத்தைக்கும் இப்படித்தான் இருந்தது என்றார். இரண்டு தடவை போய்விட்டு நிறுத்திவிட்டேன். தெரபி என்றால் இவ்வளவுதான் என்று முடிவு கட்டி, ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. என் மகள் ஏழாம் வகுப்பில் ஆண்டுவிழாவில் ஆடினாள். கூட்டத்துக்குப் பயந்து நான் போகவில்லை. ஒருவரிடம் சரிப்படவில்லை என்றால் இன்னொருவரைப் பார்க்கலாம் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

இரண்டாவதாக நான் போய்ப் பார்த்த அம்மா, முறையாகப் படித்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். முதல் நாள் வெறும் கேள்விகள்தான். எப்போது தூங்குகிறீர்கள், வீட்டில் யார் யார், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா, சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். வெளியே வந்தபோது ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. எங்கள் தொழிலில் அளவெடுக்கிற அன்றைக்கே சட்டை கிடைக்காது, இதுவும் அப்படித்தான் என்று பிறகுதான் புரிந்தது.

மூன்றாவது வாரத்தில் இருந்து வேலை ஆரம்பித்தது. என் டாக்டரிடம் இதயத்தில் கோளாறு இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். அப்புறம் என்னை எழுந்து நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடச் சொன்னார். நெஞ்சு படபடவென்று அடித்தது. "இப்போது பயம் பத்துக்கு எத்தனை?" என்றார். எட்டு என்றேன். உட்கார்ந்து இருவரும் அது தானாக இறங்குவதைப் பார்த்தோம். நெஞ்சு வேகமாக அடிப்பது வேறு, ஆபத்து வேறு என்று வாயால் நூறு பேர் சொல்லியும் ஏறாதது, அந்த அறையில் பத்து பதினைந்து தடவை ஓடிய பிறகு உடம்புக்கே தெரிந்துவிட்டது. வீட்டுப்பாடமும் உண்டு. ஒரு நோட்டில் என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தேன், உடம்பு என்ன செய்தது என்று எழுத வேண்டும். முதலில் பெருந்துறை வரை தனியாகப் பேருந்தில் போய்வர வேண்டும், பிறகு கோயம்புத்தூர் வரை. நோட்டு எழுதாமல் போன வாரங்களில் எனக்கு ஒன்றும் நகரவில்லை.

முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்காவது செஷனில் அவர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருக்கிறேன், இவர் மணி பார்க்கிறாரே என்று மனசு விட்டுப்போனது. அடுத்த வாரம் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். எப்படியோ போய், குரல் நடுங்க, "நீங்கள் மணி பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மன்னிப்புக் கேட்டார். 50 நிமிடத்தில் முடிக்க வேண்டும், கடைசியில் உங்களைப் பாதியில் விட்டுவிடக்கூடாது என்றுதான் பார்த்தேன் என்றார். அப்புறம் மெதுவாக, "இப்படிப் பிடிக்காததை வேறு யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மாமனாரிடம் இல்லை, வீட்டுக்காரரிடம் இல்லை, சரக்கு போடுகிறவரிடம்கூட இல்லை. என் 40 வயது வரை ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரபி உண்மையில் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அதனால், தம்பி, பிடிக்காதது, புரியாதது, சந்தேகம் எதுவாக இருந்தாலும் வீட்டுக்கு வந்து புலம்பாமல் அவரிடமே சொல்லுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நான் மொத்தம் 16 தடவை போனேன். முதலில் வாராவாரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. உங்களுக்குக் கூடலாம், குறையலாம். நான்காவது தடவைக்குள் "நம் திட்டம் என்ன, முன்னேற்றத்தை எதை வைத்துப் பார்ப்போம்" என்று கேட்டுவிடுங்கள். வியாழக்கிழமை முடிந்ததும் நேராகக் கடைக்குத் திரும்பாதீர்கள். சில நாள் பேசிய பிறகு இன்னும் கனமாக இருக்கும். எங்காவது அரை மணி உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

அகத்திப்பூ:

நான் ஒரு அரசு மருத்துவமனையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மேலே அக்கா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத முடியாது. மருத்துவம் படித்த சைக்கியாட்ரிஸ்ட்தான் எழுதுவார். மருந்து தேவை என்று தோன்றினால் அவரிடம் அனுப்புவோம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைத் தாராளமாகக் கேளுங்கள். என்னிடம் கேட்டவர்களை நான் ஒருநாளும் தப்பாக நினைத்ததில்லை. 'கவுன்சிலர்' என்ற பலகையை மட்டும் வைத்து படிப்பை முடிவு செய்யாதீர்கள்.

அம்மாவுக்குச் சொல்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. பெண் வீட்டார் வந்து கேட்டாலும் சொல்லக்கூடாது. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் உத்தரவிட்டால், ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாவது தெரியவந்தால் நாங்கள் வாய்மூடி இருக்க முடியாது. இதை முதல் நாளே அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள் கொடுக்கலாம். கடந்த இரண்டு வாரத்தில் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் தாள் அது. கடைசிக் கேள்வி சாவைப் பற்றிய எண்ணம் வந்ததா என்பது. பயந்துகொண்டு பூஜ்யம் போடாதீர்கள். அப்படி எண்ணம் வந்தது என்று சொன்னதும் யாரையும் பிடித்து வார்டில் போடுவதில்லை. உட்கார்ந்து பேசுவோம், எப்படிப் பாதுகாப்பாக இருப்பது என்று சேர்ந்து திட்டம் போடுவோம். வியாழனுக்கு முன் ராத்திரி மூன்று மணிக்குத் தாங்க முடியாமல் போனால் 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அப்பாவுக்காக எட்டு மாதமாக அழுவது நோயல்ல. தூக்கமும் வேலையும் கெடுவதால்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

மொட்டைமாடி:

காசு ஒரு பிரச்சினை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவை மறக்காதீர்கள். ஓபி சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். நான் அங்கேதான் போனேன். கூட்டம் இருக்கும், ஒரு மணி நேரம் பேசக் கிடைக்காது, ஆனால் என்னைக் கைவிடவில்லை. பிறகு ஆன்லைனில் ஒருவரிடம் பேசினேன். வீட்டில் இரண்டே அறை, ஐந்து பேர். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஹெட்போன் போட்டுப் பேசுவேன். யாரோ கேட்கிறார்கள் என்ற நினைப்பு இருந்தால் உண்மையானது வாயில் வராது. முடிந்தால் நேரில் போங்கள்.

பாளை_28:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

முதல் நாள் காவேரிக்கரை அக்கா சொன்ன மாதிரி கேள்விகள்தான். பதிவு எண் கேட்டேன். சிரித்துக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். ரகசியம் பற்றி நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர் சொல்லிவிட்டார். முடிந்ததும் வ.உ.சி. மைதானத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கூச்சமான விஷயத்தை நேற்று சொல்லிவிட்டேன். அப்பாவின் போனுக்கு நான் இன்னும் தினமும் ராத்திரி சார்ஜ் போடுகிறேன். மாதாமாதம் ரீசார்ஜும் செய்கிறேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் என் போனிலிருந்து அதற்கு ஒரு ரிங் விடுவேன். பைத்தியம் என்று நினைப்பார் என்று பயந்தேன். அவர், "அதில் என்ன ரிங்டோன் வைத்திருந்தார்?" என்று மட்டும் கேட்டார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் அப்பாவைப் பற்றிப் பேசினேன். இரண்டு பேருக்கும் நேரம் போனது தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அந்தப் போனைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறார். கொண்டுபோகிறேன்.