40 சதவீத ஊனம் இல்லாத மாணவருக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடையாதா?

ராயபுரம் ரப்பர்ஸ்டாம்ப்: பக்கத்து இழையில ஒருத்தர் அளந்து விட்டிருக்காரு: "மாற்றுத்திறனாளி அட்டையில 40 சதவீதம் இல்லாத காலேஜ் பையன் ஸ்க்ரைப் (சொல்லச் சொல்ல பரீட்சை எழுதித் தர்றவர்), கூடுதல் நேரம்னு அலையறது வேஸ்ட்." எந்தச் சட்டத்துல கீது அது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு: கூடுதல் நேரம், ஸ்க்ரைப், ரெண்டாம் மூணாம் மொழிப்பாட விலக்கு. மாற்றுத்திறனாளி மாணவர்னுதான் இருக்கு. 40ங்கிற நம்பரே அதுல இல்ல.

மின்ட் மணி: எழுதுனது நான்தான், பேரைச் சொல்லியே திட்டு. 40 இல்லாம 5 சதவீத ஒதுக்கீடு கொடுப்பானா?

ராயபுரம் ரப்பர்ஸ்டாம்ப்: அது 32ஆம் பிரிவு, அட்மிஷன் சமாச்சாரம். நாம பேசறது பரீட்சை ஹால்.

மின்ட் மணி: மத்திய சமூக நீதி அமைச்சகத்தோட 2018 ஆகஸ்ட் 29 தேர்வு வழிகாட்டுதலைப் படி. 40ம் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்குத்தான்.

வியாசர்பாடி வாத்தியார்: அதே அமைச்சகம் 2022 ஆகஸ்ட் 10ல, 40க்குக் கீழ இருந்து எழுதச் சிரமப்படறவங்களுக்குன்னே இன்னொண்ணு போட்டுச்சு. 2021ல உச்ச நீதிமன்றம் கொடுத்த விகாஷ் குமார் தீர்ப்புக்கு அப்புறம் வந்தது.

மின்ட் மணி: அது யூபிஎஸ்சி கேஸ் வாத்தியாரே. செமஸ்டருக்கு ஒத்து வராது. 40 வேணும்.

ராயபுரம் ரப்பர்ஸ்டாம்ப்: கேஸ்தான் யூபிஎஸ்சி, வழிகாட்டுதல் எழுத்துத் தேர்வுக்கெல்லாம் பொது. ஜனங்க மாட்டிக்கிறது எங்கன்னா ஃபார்ம்ல. 2018 ஃபார்ம்ல அரசு ஆஸ்பத்திரி தலைமை மருத்துவர் மாதிரி ஒருத்தர் கையெழுத்து போதும்னு இருந்துச்சு. 2022 ஃபார்முக்குக் குழு கையெழுத்து கேட்டாங்க: தலைவர், எலும்பு இல்லன்னா மறுவாழ்வு மருத்துவர், மனநல மருத்துவரோ உளவியலாளரோ. கிளினிக் டாக்டர் லெட்டர்பேடு செல்லாது. ஸ்டான்லி மாதிரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போறப்பவே சரியான ஃபார்மைப் பிரிண்ட் எடுத்துக்க. எக்ஸாம் ஃபீஸ் கட்டும்போதே பிரின்சிபால் வழியா மனு கொடு, நகல்ல சீலும் தேதியும் வாங்கு. ஹால் டிக்கெட் வந்தப்புறம் ஓடுனா, "சூப்பிரண்டென்ட்டுக்கு ஆர்டர் வரல"ன்னு பெல் அடிச்சதும் பேப்பரைப் புடுங்கிடுவான். நேரம், மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையக் கூடாது. 3 மணி பேப்பர்னா ஒரு மணி நேரம், அரை மணி இல்ல.

கொருக்குப்பேட்டை குமாரு: ஸ்க்ரைப்பா கூடப் படிக்கிற ஃப்ரெண்டையே கூட்டினு போலாம்ல?

வியாசர்பாடி வாத்தியார்: கூடாது. 2018 வழிகாட்டுதல்ல, சொந்தமா கூட்டினு போற ஸ்க்ரைப்போட படிப்பு ஒரு படி கீழ இருக்கணும்னு இருந்துச்சு. பேப்பர் டிகிரின்னா ஸ்க்ரைப் பிளஸ் டூ. ஃபைனல் இயருக்கு ஃபைனல் இயரே எழுதுனா காப்பி கேஸ்னு போட்டுருவாங்க.

கொருக்குப்பேட்டை குமாரு: பிளஸ் டூ பையனுக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஸ்பெல்லிங் வருமா? எவன் எழுதுன ரூலு இது?

மின்ட் மணி: ரூலைத் திட்டாத குமாரு. 40க்கு மேல இருந்தா ஆபீஸ்ல மறுபேச்சே இல்ல. நடைமுறை அதான்.

ராயபுரம் ரப்பர்ஸ்டாம்ப்: கிளார்க் வாயில வர்றதெல்லாம் நடைமுறையா? பஸ் பாஸ் இழையிலயும் இப்படித்தான் பேசினு திரிஞ்ச. அங்க கேட்ட ஆர்டர் நகல் இன்னும் வரல.

மின்ட் மணி: பஸ் பாஸை ஏன் இழுக்கற? நீ மட்டும் சட்டம் படிச்சவனா? ராயபுரம்னா பெரிய கோர்ட்டா?

கொருக்குப்பேட்டை குமாரு: ஏரியாவை இழுக்காதீங்கபா. ஸ்பெல்லிங்குக்கு யாராச்சும் பதில் சொல்லுங்க.

ராயபுரம் ரப்பர்ஸ்டாம்ப்: 17ஆம் பிரிவுல 40 எந்த வரில கீது மணி? வரியைக் காட்டு.

மின்ட் மணி: முதல்ல நீ அட்டையைக் காட்டச் சொல்லு.