புல்வெட்டும் மெஷின் பிளேடு: சாணை பிடித்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை, வழி சொல்லுங்க

வணக்கமுங்க. பொள்ளாச்சி பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் புல் வெட்ட, பெட்ரோலில் ஓடும் தள்ளு மெஷின் வைத்திருக்கிறோம். போன வாரம் பிளேடு கல்லில் பட்டுப் பொக்கை விழுந்துவிட்டது. பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பிளேடை இறக்கி நானே கிரைண்டரில் தீட்டினேன். சூடேறி இரும்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும் என்பதால், நடுநடுவே தண்ணீரில் முக்கி எடுத்தேன்.

அடிபட்ட பக்கம் அதிகம் தேய்ந்தது. சுவரில் ஆணி அடித்து நடு ஓட்டையை மாட்டினால், எதிர்ப்பக்கம் சட்டென்று கீழே இறங்கியது. அந்த வாயை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, படுக்கையாக நிற்கும் வரை கொண்டுவந்தேன். ஆனாலும் மெஷினை ஓட்டினால் கைப்பிடி நடுங்கி விரல் மரத்துப் போகிறது.

ஆணி மெல்லியது, ஓட்டை பெரியது. பிளேடு அதில் தொங்குவதால் சிறு எடை வித்தியாசம் தெரியாமல் போகிறதா? கோவை காட்டூர் லேத் பட்டறையில் ஓட்டைக்குப் பொருந்தக் கூம்பு கடைந்து வாங்கினால் சரியாகுமா?

இன்னொன்று. பிளேடு முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்தேன். அரைச் சுற்றுத் திருப்பி, அதே இடத்தில் மறுமுனையையும் அளந்தால் 3 மி.மீ. வித்தியாசம். வளைந்தது பிளேடா, ஷாஃப்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த நடுக்கத்தோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். தினமும் மெஷினைத் தள்ளுவது அப்பாதான். அவர் கால்பக்கம் சுற்றும் பிளேடு என்பதால் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்க.