ஸ்பிரிங்ஃபீல்ட் ட்ராப்டோர் .45-70: அஞ்சு குண்டுக்கு மேல சிதறுது, குண்டு பக்கவாட்டில் படுது. உதவி வேணும்

டாலஸ் செல்வம்:

எல்லாருக்கும் வணக்கம். துப்பாக்கி ஸ்பிரிங்ஃபீல்ட் மாடல் 1884 ட்ராப்டோர் (அமெரிக்க ராணுவத்தின் பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிள், அறைக் கதவு மேல் பக்கமாத் திறக்கும்), தோட்டா வகை .45-70, 32.6 அங்குலக் குழல். உள்ளே மூணு வரியும் (குண்டைச் சுழல வைக்கிற பள்ளங்கள்) கூர்மையாத் தெரியுது. அறைக்கு (தோட்டா உட்காருற இடம்) முன்னாடி மட்டும் லேசான துருக்குழி. கதவு ஆட்டமில்லாம மூடுது.

தோட்டா விவரம்: புது ஸ்டார்லைன் கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு), லார்ஜ் ரைஃபிள் ப்ரைமர் (மருந்தைப் பத்த வைக்கிற சின்ன மூடி), 2எஃப் துகள் அளவுக் கருமருந்து 65 கிரெய்ன் (எடை அளவு), கடையில் வாங்கின 405 கிரெய்ன் கெட்டி வார்ப்புக் குண்டு, விட்டம் 0.458 அங்குலம். குண்டின் பள்ளத்தில் நீலக் கலர் கெட்டி மெழுகு இருக்கு. டை (கேஸை இறுக்கிக் குண்டைப் பொருத்துற அச்சு) சாதாரண .45-70 செட்.

100 கெஜத்தில் முதல் அஞ்சு குண்டு 4 அங்குலத்துக்குள்ள விழுது. ஆறாவதிலிருந்து ஒரு அடிக்கு மேல பரவுது. ஒன்பது, பத்தெல்லாம் தாளில் சாவித்துவாரம் மாதிரி நீளமா ஓட்டை போடுது. அதுபோக, நல்லா விழுற குண்டும் குறி வச்ச இடத்துக்கு ஓர் அடி மேலதான். பத்துக்கு அப்புறம் தோட்டாவைக் கட்டைவிரலால் தள்ளினாத்தான் அறைக்குள்ள உட்காருது. வாய்ப்பக்கம் விளக்கு அடிச்சுப் பார்த்தேன்: கடைசி 8 அங்குலம் சாம்பல் நிறத்தில் கரடுதட்டியிருக்கு, வரி ஓரமா ஈயம் கோடு கோடாப் பளபளக்குது.

குழல் தேய்ஞ்சுபோச்சு, உள்ளே லைனர் (குழலைக் குடைஞ்சு சொருகுற புதுக் குழாய்) போட்டுடலாம்னு ஒரு மெக்கானிக் சொல்றார். போடலாமா? இல்ல, புகையில்லா மருந்துக்கு மாறினா தீருமா?

கருமருந்து ராஜா:

ரெண்டும் வேண்டாம் செல்வம். லைனர் போட்டா அந்தக் குழல் போனது போனதுதான், திரும்ப வராது. அடிமரத்தின் இடப்பக்கம் எஸ்.டபிள்யூ.பி.ன்னு (பரிசோதகரின் பெயர் எழுத்து) சாய்ந்த எழுத்தும் கீழே ஆண்டும் கொண்ட முத்திரை தெளிவா இருந்தா, அந்த மரத்தையும் சாண்ட்பேப்பர் கிட்டேயே கொண்டு போகாதீங்க. சேகரிக்கிறவங்க முதல்ல பார்க்கிறதே அந்த முத்திரையைத்தான்.

புகையில்லா மருந்தை இதில் போட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ட்ராப்டோரின் கதவைப் பிடிச்சு வச்சிருக்கிறது முன்னாடி ஒரு கீல் ஊசி, பின்னாடி ஒரு கட்டைவிரல் தாழ், அவ்வளவுதான். கருமருந்தின் அழுத்தத்துக்குக் கணக்குப் பண்ணிச் செஞ்சது. .45-70 கேஸ் பெரிய பாத்திரம், புகையில்லா மருந்து அதில் அடியில் கொஞ்சமாக் கிடக்கும். தவறி ரெண்டு தடவை ஊத்திட்டாலும் வழியாது, கண்ணுக்குத் தெரியாது.

உங்க குழல் தேயவே இல்லை. தேய்ஞ்ச குழல் முதல் குண்டிலிருந்தே சிதறும். அஞ்சு குண்டு ஒழுங்கா விழுந்து, அப்புறம் கெடுதுன்னா, ஒவ்வொரு குண்டும் குழலுக்குள்ள எதையோ விட்டுட்டுப் போகுதுன்னு அர்த்தம். இங்க விட்டுட்டுப் போறது ரெண்டு: கரியும் ஈயமும். ரெண்டுக்கும் காரணம் நீங்க வாங்கின குண்டு.

ஈயம் உருக்கி:

ராஜா சொன்னது சரி. ஏன்னு விளக்கிடறேன், ஏன்னா இது புரிஞ்சா மத்தது தானா வரும்.

இந்தத் துப்பாக்கிக் குழலின் பள்ள விட்டம் (வரியின் அடியில் அளக்கிற விட்டம்) பெரும்பாலும் 0.460-லிருந்து 0.463 அங்குலம் வரை இருக்கும். ராணுவம் போட்ட குண்டு அதைவிடச் சின்னதுதான். ஆனா அது மெத்து ஈயம். 1880-களின் தொடக்கத்தில் வந்த 500 கிரெய்ன் குண்டில் 16 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம். அதுக்கு முந்தின 405 கிரெய்ன் குண்டுக்கு அடியில் குழிவே உண்டு. கருமருந்து பின்னாலிருந்து சட்டுன்னு ஒரு குத்து விடும், குண்டு நசுங்கிப் பருத்துப் பள்ளத்தை நிரப்பும். அந்தக் காலத்து வடிவமைப்பே இந்தப் பருத்தலை நம்பித்தான்.

நீங்க வாங்கினது புகையில்லா மருந்துக்குன்னு ஆன்டிமனி சேர்த்துக் கெட்டியா வார்த்தது. பிரினெல் கணக்கில் (உலோகத்தின் கடினத்தை அளக்கிற எண்) 15-க்கு மேல இருக்கும். அது பருக்காது. பள்ளத்தில் விட்ட இடைவெளி வழியா சூடான வாயு பீறிட்டு, குண்டின் ஓரத்தை உருக்கிக் குழலில் பூசிடுது. வரியோரம் பார்த்த கோடு அதுதான். அந்த ஈயம் சேரச் சேர வரி குண்டைப் பிடிக்காது, சுழற்சி போகும், குண்டு குப்புறடிச்சுப் போய்த் தாளில் பக்கவாட்டில் படும்.

20:1 ஈயம்-வெள்ளீயக் கலவையில் வார்த்த குண்டு வாங்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி குழலை அளங்க. சுத்த ஈய உருண்டை, 0.470-க்கு மேல விட்டம் உள்ளது ஒண்ணு எடுத்து, குழலில் எண்ணெய் விட்டு, வாய்ப்பக்கமிருந்து பித்தளைக் கம்பியால் மெதுவாத் தட்டி வெளியே எடுங்க. விட்டத்தைப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

மொன்டானா அண்ணாச்சி:

கரியைப் பத்தி யாரும் இன்னும் சரியாச் சொல்லலை. கருமருந்து எரிஞ்சதில் பாதிக்கு மேல திடப்பொருளாத் தங்கிடும். அது ஈரமா இருக்கிற வரை தொல்லை இல்லை, அடுத்த குண்டு துடைச்சுக்கிட்டுப் போயிடும். காய்ஞ்சா ஓடு மாதிரி இறுகும். நீல மெழுகு கருமருந்துக்கு ஆகாது, கரியை இளக்கி வைக்காது. அதுவும் 405 குண்டில் மெழுகு கொஞ்சம்தான் பிடிக்கும், 32 அங்குலம் ஓடுறதுக்குள்ள தீர்ந்துடும். அதான் கடைசி 8 அங்குலத்தில் கரடு.

மெழுகை வீட்டிலேயே செய்யலாம். எடைக் கணக்கில் தேன்மெழுகு 50, உப்பு சேர்க்காத வெஜிடபிள் ஷார்ட்னிங் 40, கனோலா எண்ணெய் 10. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வச்சு உருக்குங்க, நேரா அடுப்பில் வைக்க வேண்டாம். பழைய நீல மெழுகு மிச்சமில்லாம எடுத்துட்டு இதைப் பூசணும்.

மெழுகு போதுமான்னு குழல் வாய் சொல்லிடும். சுட்டதும் வாய் விளிம்பில் விரல் வச்சுப் பாருங்க. வழவழன்னு கறுப்புப் பசை நட்சத்திரம் மாதிரி படிஞ்சிருந்தா சரி. தொட்டா பொடியா உதிர்ந்தா மெழுகு பத்தலை.

அடுத்தது ஊதுகுழாய். ஒரு காலி கேஸின் அடியை ப்ரைமர் குழி வழியாத் துளைச்சு, ஓரடி நீள ரப்பர் குழாயை இறுக்கமாச் சொருகுங்க. கெட்டிக் குழாய் வேண்டாம், ட்ராப்டோரில் அறைக்கு நேர் பின்னாடி இரும்பு இருக்கு, குழாய் வளையணும். ஒவ்வொரு சுடலுக்கும் அப்புறம் கதவைத் திறந்து, கேஸ் வெளியே வந்ததைப் பார்த்துட்டு, இதை அறையில் வச்சு நிதானமா மூணு, நாலு நீண்ட மூச்சு ஊதுங்க. வேகமா ஊதினா பிரயோஜனமில்லை, ஈரம்தான் வேணும். டாலஸ் வெயிலில் ஆறு மூச்சு கூடத் தேவைப்படும். ஊதறது எப்பவும் பின்பக்கமிருந்துதான். வாய்ப்பக்கம் முகத்தைக் கொண்டு போகவே கூடாது.

டாலஸ் செல்வம்:

ரொம்ப நன்றி. ஈய உருண்டையைத் தட்டி எடுத்துட்டேன். வெர்னியரில் 0.4555 காட்டுது. அப்படின்னா 0.458 குண்டே பெரிசுதானே? குழப்பமா இருக்கு.

ஈயம் உருக்கி:

அது வெர்னியரோட பொய், நல்லவேளை கேட்டீங்க. இந்தக் குழலில் மூணு பள்ளம். ஒரு பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு பள்ளம் வராது, மேடுதான் வரும். உருண்டையில் அது தலைகீழாப் பதியும். அதனால வெர்னியரின் ஒரு தாடை உயரத்திலும் மறு தாடை தாழ்விலும் உட்காருது. நீங்க அளந்தது ரெண்டுக்கும் நடுவில் உள்ள ஓர் எண். மேடு 0.450, பள்ளம் 0.461-ன்னு வச்சா நடு எண் 0.4555. உங்க கணக்கு அப்படியே பொருந்துது, பார்த்தீங்களா?

சரியா அளக்க வி வடிவத் தாடை உள்ள மைக்ரோமீட்டர் வேணும், லேத் பட்டறையில் இருக்கும். கிடைக்கலைன்னா வேற வழி: இதே துப்பாக்கியில் சுட்ட கேஸ் ஒண்ணை எடுங்க, டையில் போடாதீங்க. அதன் வாயின் உள்விட்டம் எவ்வளவோ, அதைவிட ஆயிரத்தில் ஒரு அங்குலம் குறைஞ்ச குண்டு வரைக்கும் அறை ஏத்துக்கும். 0.460 குண்டு அந்தக் கேஸில் தடையில்லாம நுழைஞ்சா அதையே வாங்கிடுங்க.

இன்னொரு இடத்தில் நிறையப் பேர் ஏமாறுவாங்க. சாதாரண டை செட், ஜாக்கெட் குண்டுக்காக (ஈயத்துக்கு மேல செம்புத் தகடு போர்த்தினது) செஞ்சது. அதில் கேஸ் வாய் இறுகிடும். மெத்து ஈயத்தில் 0.460 குண்டு வாங்கி அதில் அழுத்தினா, கேஸே குண்டை 0.457-க்குப் பிழிஞ்சுடும். செஞ்ச தோட்டா ஒண்ணிலிருந்து குண்டைப் பிடுங்கி மறுபடி அளந்து பாருங்க. சுருங்கியிருந்தா முழுக் கேஸையும் இறுக்குற டையை விட்டுடுங்க. இதே துப்பாக்கியில் சுட்ட கேஸை, குண்டு விழாம நிக்கிற அளவுக்கு வாயை மட்டும் லேசா இறுக்கினாப் போதும்.

கருமருந்து ராஜா:

மருந்து ஊத்துறதையும் சேர்த்துச் சொல்லிடறேன். 65 கிரெய்னே இருக்கட்டும். கையால கொட்டாம, 24 அங்குலப் பித்தளைக் குழாய் வழியா மெதுவா விடுங்க. துகள் ஒண்ணோடொண்ணு நெருங்கி உட்காரும். மேல 0.060 அங்குல நார் அட்டை வட்டம் ஒண்ணு. அதை அழுத்தும் டையால் அழுத்தி, குண்டின் அடி அட்டையைத் தொட்டு நிக்கிற ஆழத்துக்குக் கொண்டு வாங்க. குண்டையே வச்சு மருந்தை அழுத்தாதீங்க, மெத்து ஈயம் கோணிடும்.

கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் காத்து இருக்கவே கூடாது. அந்த இடைவெளி குழலை வீங்க வைக்கும். குண்டு நுழைய விரிச்ச கேஸ் வாய் நேராகிற அளவுக்கு மட்டும் மடக்குங்க.

ஓர் அடி மேல போறது கோளாறு இல்லை. அந்த சைட் (குறி பார்க்கிற அமைப்பு) போர்க்களத் தூரத்துக்கு வச்சது, 100 கெஜத்துக்கு இல்லை. முன் சைட் தகடு உயரணும். ரெண்டு சைட்டுக்கும் நடுவில் உள்ள நீளத்தை, குண்டு மேல போற அங்குலத்தால் பெருக்கி, 3600-ஆல் வகுங்க. நீளம் 28 அங்குலம், மேல 12 அங்குலம்னா 0.093 அங்குலம் உயரம் கூட்டணும். தகட்டை ஒரு சின்ன ஊசிதான் பிடிச்சிருக்கு. ஊசியைத் தட்டி எடுத்து, புதுத் தகடு வெட்டிப் போடுங்க. பழைய தகட்டில் அரம் படக் கூடாது, ஒரு கவரில் போட்டுத் துப்பாக்கியோடயே வச்சிருங்க.

டாலஸ் செல்வம்:

எல்லாம் சொன்னபடி செஞ்சேன். முதல்ல குழலில் இருந்த ஈயத்தை முழுசா எடுத்தேன், வெண்கல பிரஷில் பழைய செம்புக் கம்பிச் சுருள் சுத்தித் தேய்ச்சதில் செதில் செதிலா வந்துச்சு. 20:1 குண்டு, 0.460, வீட்டு மெழுகு, நாலு மூச்சு. 15 குண்டும் 3½ அங்குலத்துக்குள்ள. ஒண்ணுகூடப் பக்கவாட்டில் படலை. வாயில் நட்சத்திரம் தெரியுது. தோட்டாவும் கடைசி வரை தானா உள்ளே போச்சு.

ஒரே ஒரு சந்தேகம். ரெண்டு தடவை கதவை மூடித் திறந்தப்போ, சுடாத ப்ரைமரின் நடுவில் சின்னப் புள்ளி விழுந்திருக்கு. விசையைத் தொடவே இல்லை. இது சகஜமா?

மொன்டானா அண்ணாச்சி:

செல்வம், அதைச் சரிபார்க்கிற வரை அடுத்த தோட்டா போடாதீங்க.

ட்ராப்டோரில் ப்ரைமரைக் குத்துற ஊசி கதவுக்குள்ள தாராளமா ஓடணும். கதவைத் திறந்து, துப்பாக்கியை மேலும் கீழும் சாய்ச்சு ஆட்டுங்க. கடகடன்னு ஊசி ஓடுற சத்தம் கேக்கணும். கேக்கலைன்னா பழைய எண்ணெயும் கரியும் இறுகி ஊசி முன்னாடியே நீட்டிக்கிட்டு நிக்குது. கதவை மூடும்போதே அது ப்ரைமரைக் குத்திச் சுட்டுடும், கதவு இன்னும் பூட்டியிருக்காது.

கதவைக் கழட்டி, ஊசியைப் பிடிச்சிருக்கிற சின்னத் திருகை எடுத்து, ஊசியை வெளியே இழுங்க. துளையைச் சூடான சோப்புத் தண்ணியில் கழுவி, நல்லா உலர்த்தி, எண்ணெய் விடாம மாட்டுங்க. ஊசி முனை கூர்மையா இல்லாம உருண்டையா இருக்கணும்.

ப்ரைமரையும் பாருங்க. கேஸின் அடிமட்டத்துக்கு மேல ஒரு மயிரிழை துருத்தினாலும் இதே ஆபத்துதான். விரலை அடியில் ஓட்டினா ப்ரைமர் இருக்கிற இடத்தில் சின்னப் பள்ளம் தட்டுப்படணும். மூடும்போது ஹாமர் (ஊசியை அடிக்கிற சுத்தி) பாதிக் கொக்கியில், அதாவது பாதி இழுத்த நிலையில், நிக்கட்டும், கதவை அறைஞ்சு மூடாம விரலால் அழுத்தி, தாழ் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்துட்டு அப்புறம் முழுசா இழுங்க.

ஈயம் உருக்கி:

சுட்ட அன்னிக்கே குழலைக் கழுவிடுங்க. கருமருந்துக் கரி காத்திலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஒரு ராத்திரி போதும் துரு பிடிக்க. வெறும் வெந்நீரும் பஞ்சும் போதும், வாய்ப்பக்கமிருந்துதான் கம்பி விட முடியும், அதனால வரி விளிம்பு தேயாம வாயில் ஒரு பித்தளை வளையம் போட்டுக்குங்க. உலர்த்தி மெல்லிசா எண்ணெய் பூசி, மறுநாள் ஒரு வெள்ளைத் துணி விட்டுப் பாருங்க. பழுப்பா வந்தா மறுபடி கழுவணும். அடுத்த தடவை சுடறதுக்கு முன்னாடி அந்த எண்ணெயைச் சுத்தமாத் துடைச்சிடணும், இல்லைன்னா முதல் குண்டிலேயே தார் மாதிரி ஒட்டிக்கும்.

கேஸை வீட்டுக்கு வந்து பார்த்துக்கலாம்னு விடாதீங்க. களத்திலேயே ப்ரைமரைத் தட்டி எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணி உள்ள டப்பாவில் போட்டுடுங்க.

டாலஸ் செல்வம்:

ஆட்டிப் பார்த்தேன் அண்ணாச்சி, சத்தமே இல்லை. இப்போ கதவைக் கழட்டியாச்சு. ஊசியைச் சுத்தி அரக்கு மாதிரி கறுப்பா இறுகியிருக்கு, சோப்புத் தண்ணியில் ஊற வச்சிருக்கேன்.