சம்போர் பிரெய் குக் செங்கல் கோயில்கள்: அம்மாவோடு போகலாமா?

அரியாங்குப்பத்தான்

ஜனவரியில் அம்மாவை (68 வயது) கம்போடியா கூட்டிப் போகிறேன். அங்கோர் வாட் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் நான்கு நாள், ஐந்தாம் நாள் கார் வைத்து நோம் பென், அங்கிருந்து விமானம். வழியில் கம்போங் தோம் என்று ஓர் ஊர் வருகிறது. அங்கிருந்து 30 கிலோமீட்டர் வடக்கே காட்டுக்குள் சம்போர் பிரெய் குக். அங்கோர் வாட்டுக்கு ஐந்நூறு ஆண்டு மூத்த கோயில்கள் என்கிறார்கள். ஆனால் படங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி: சிவப்புக் கோபுரம், பக்கத்தில் மரம். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தச் செங்கல்லைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?" என்றார். முழங்கால் வலி வேறு. போனவர்கள் சொல்லுங்கள்.

நடுராத்திரி_பஸ்

வேண்டாம் என்பேன். அங்கோர் வாட், பாயோன், தா புரோம் கோயில்களெல்லாம் பார்த்த கண்ணுக்கு இது சப்பென்று இருக்கும். பாதிக் கோபுரங்கள் இடிந்தவை, உள்ளே சிலையும் கிடையாது. ஒரு மணி நேரத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

ரசமட்டம்

தம்பி, போங்கள். நான் 31 வருடம் கட்டட மேற்பார்வை பார்த்தவன். கொத்தனார்களோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தது. அதனால் கொஞ்சம் ஒருதலைப்பட்சமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே முதலில் கோபுரத்தைப் பார்க்காதீர்கள். சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, செங்கல்லும் செங்கல்லும் சேரும் ஒட்டைப் பாருங்கள். நம் ஆட்கள் இரண்டு செங்கல்லுக்கு நடுவே அரை அங்குலம் கலவையை அப்பிவிட்டு "நேரா இருக்கு சார்" என்பார்கள். இங்கே மயிரிழை. நகத்தை வைத்துப் பார்க்கத் தோன்றும், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இப்படிக் கட்டி முடித்த சுவரில்தான் உளியை வைத்திருக்கிறார்கள். மாளிகை ஒன்றைத் தூண்கள், மாடம், உள்ளே குட்டி குட்டி மனிதர்கள் என்று சுவரிலேயே செதுக்கியிருப்பார்கள். பறக்கும் மாளிகை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். மேலே சுதை பூசியிருந்தது, அது பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. செதுக்கும்போது கை தவறினால் அந்த ஒரு செங்கல்லை உருவி மாற்ற முடியாது. அந்த ஆளுடைய தைரியத்தை நினைத்துக்கொண்டே நான் அரை மணி நேரம் நின்றேன், மனைவி போய் இளநீரே குடித்து முடித்துவிட்டாள்.

அப்புறம் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். வளைவு கிடையாது. ஒவ்வொரு வரிசைச் செங்கல்லையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டி நீட்டி, எல்லாப் பக்கமும் உச்சியில் சேரும்படி ஏற்றியிருக்கிறார்கள். உச்சி விழுந்துபோன கோபுரத்தில் வானம் ஒரு துண்டாகத் தெரியும். வௌவால் நாற்றம் இருக்கும், சொல்லிவிட்டேன்.

எண்கோணக் கோயில்களைத் தவறவிடாதீர்கள். நம்மூர்க் கோயில் விமானத்தின் தலையில் இருக்கும் சிகரம் எட்டுப்பட்டையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே தரையிலிருந்தே எட்டுப்பட்டை. வாசல் மேல் உத்தரம் மணற்கல். இரண்டு பக்கமும் மகரம், நடுவில் வளைவு. அம்மாவிடம் மகர தோரணம் என்று சொன்னால் போதும், அவரே விளக்குவார்.

ஊர் பழைய ஈசானபுரம். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் ஈசானவர்மனின் தலைநகர். அவன் அப்பா பெயர் மகேந்திரவர்மன். ஏறக்குறைய அதே காலத்தில் காஞ்சியிலும் ஒரு மகேந்திரவர்மன் இருந்தான். வேறு ஆள். தயவுசெய்து வாட்ஸ்அப்பில் எதையும் கிளப்பிவிடாதீர்கள். அங்கத்திய கல்வெட்டு எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வந்தது, அது உண்மை. எனக்கு வேடிக்கையாகப்படுவது வேறொன்று. நம் பல்லவன் விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் குகையைக் குடைந்துவிட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்தான். அப்படியானால் அதுவரை கோயில் என்றாலே செங்கல்லும் மரமும்தானே? அதெல்லாம் நம்மிடம் நிற்கவில்லை. சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரம் பக்கம் சாளுவன்குப்பத்தில் தோண்டிக் கண்ட செங்கல் கோயிலும் அடிப்பகுதிதான். சம்போரில் பல்லவன் காலத்துச் செங்கல் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. நான் போனது அதற்காக.

காட்டில் வட்டவட்டமாகப் பள்ளங்கள் தென்படும். குளம் என்று நினைத்தேன். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளாம். பாதையை விட்டு இறங்காதீர்கள்.

நடுராத்திரி_பஸ் சொன்ன சிலை விஷயம் சரிதான். நல்ல சிலைகள் நோம் பென் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. உங்கள் விமானம் இரவில் என்றால் அங்கேயும் ஒரு நடை போய்விடுங்கள்.

அரியாங்குப்பத்தான்

ஐயா, ரொம்ப நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "மகர தோரணம்னா சரி" என்றார். முழங்காலுக்கு என்ன வழி?

கருவேப்பிலை_டப்பா

நான் மாமியாரோடு போனேன், அவருக்கு 71. தரை சமதளம், அங்கோர் வாட் மாதிரி செங்குத்துப் படி ஏற வேண்டாம். ஆனால் கோயில் நிலைப்படிகள் உயரம், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மூன்று பெரிய தொகுதிகள் இருக்கின்றன. பிரசாத் என்றால் கோயில். வடக்கே பிரசாத் சம்போர், நடுவில் சிங்கங்கள் காவல் நிற்கும் பிரசாத் தாவ், தெற்கே யெயாய் போன். யெயாய் என்றால் பாட்டி. மாமியார் "என் பெயரில் ஒரு கோயில்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூன்றையும் நடந்தே பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், வண்டியை அடுத்த தொகுதிக்கு அருகே கொண்டுவரச் சொல்லலாம். மரம் முழுதாக விழுங்கிவிட்ட சின்னக் கோயில் ஒன்று உண்டு, பிரசாத் சிரெய். வேரின் சந்தில்தான் செங்கல் தெரியும். அதை மட்டும் விடாதீர்கள்.

கார் வைத்தது நல்லதாகப் போயிற்று. நாங்கள் வேனில் வந்தோம். ஓட்டுநர் எங்களைக் கம்போங் தோம் ஊருக்கு முன்பே ஒரு பெட்ரோல் பங்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வெயிலில் பெட்டியோடு நின்றோம். 6ஆம் எண் நெடுஞ்சாலையில்தான் வருவீர்கள், கம்போங் கிதெய் பழைய கல்பாலத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். சாலையோரம் மூங்கில் குழாயில் சுட்ட அரிசி விற்றால் வாங்குங்கள். தேங்காய்ப்பால், பயறு போட்டது, சைவம். சில்லறை டாலர் கையில் இருக்கட்டும். கொசு மருந்தும்.

அரியாங்குப்பத்தான்

போய்விட்டு வந்துவிட்டோம். அம்மா இரண்டு தொகுதி பார்த்தார், மூன்றாவதுக்கு வரவில்லை, சிங்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மூங்கில் சோற்றை முடித்தார். நடுராத்திரி_பஸ், நீங்கள் சொன்ன மாதிரி எனக்கும் ஒரு கட்டத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அம்மாவுக்கு இல்லை. உள்ளே போய் அண்ணாந்து பார்த்து, வரிசைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். 37 வரை எண்ணினார். வௌவால் பறந்ததும் விட்டுப்போயிற்று. திரும்ப முதலிலிருந்து.

ரசமட்டம் ஐயா, அந்தக் கூரை மொத்தம் எத்தனை வரிசை என்று கேட்கச் சொன்னார்.