எல்சியில் காப்பீட்டுத் தேதி சிக்கல், வழி சொல்லுங்கள்

சிஐஎஃப் விலையில் (சரக்கு விலையோடு காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்தது) கடல்வழியாகத் துணி அனுப்பியிருக்கிறோம். எல்சி (சரியான ஆவணங்கள் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) யூசிபி 600 என்ற சர்வதேச எல்சி விதிகளுக்கு உட்பட்டது. பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) சரக்கு ஏறிய தேதி 4. காப்பீட்டுச் சான்றிதழில் 6. சரக்கு ஏறிய பிறகு போட்ட காப்பீடு ஆகாது என்று எல்சி திறந்த வங்கி ஆவணங்களைத் திருப்பிவிட்டது. காப்பீட்டுத் தொகை சிஐஎஃப் மதிப்பில் 110 சதவீதம், அதில் குறையில்லை. இரண்டு நாள் வித்தியாசத்துக்கு இத்தனை பாடு!

வாங்குபவரிடம் விலக்கு கேட்டோம். விலையைக் குறைத்தால் பார்க்கலாம் என்கிறார் (எதிர்பார்த்ததுதான்). காப்பீட்டு நிறுவனம் பழைய தேதி போட்டுத் தராது. ஆனால் 4-ஆம் தேதியிலிருந்தே காப்பு உண்டு என்று சான்றிதழிலேயே எழுதித் தரத் தயார். ஆவணம் கொடுக்கும் 21 நாள் கெடு முடிய ஒரு வாரம் இருக்கிறது, எல்சியும் அதுவரை செல்லும்.

அந்தக் குறிப்போடு புதுச் சான்றிதழ் கொடுத்தால் வங்கி ஏற்றாக வேண்டுமா?