வீட்டு லேப்டாப்பில் எப்போதும் அட்மின் கணக்கிலேயே இருக்கலாமா?

கேள்வி:
விண்டோஸ் 11. வாங்கியபோது உருவாக்கிய ஒரே கணக்கைத்தான் நானும் பையனும் பயன்படுத்துகிறோம். போன வாரம் அவன் ஏதோ கேமை இறக்கி, திரை மங்கி அனுமதி கேட்டதும் 'யெஸ்' தட்டிவிட்டான், அன்றிலிருந்து பிரவுசரில் தேடல் பக்கமே மாறிவிட்டது. தனிக் கணக்கு வைத்தால் இது நிற்குமா?

பதில் 1:
பெரும்பாலும் நிற்கும். முதலில் உருவாகும் கணக்கு அட்மின், அதாவது கணினியில் எதையும் நிறுவவும் மாற்றவும் உரிமை உள்ளது, அதனால் அதில் ஒரு 'யெஸ்' போதும். அந்த உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு கணக்கில் அதே இடத்தில் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். முதலில் வைரஸ் ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய்ப் புதிய அட்மின் கணக்கு ஒன்று உருவாக்கி, அதில் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழையதை ஸ்டாண்டர்டாக மாற்ற வேண்டும். உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்கும். பையனுக்கும் தனியாக ஒரு ஸ்டாண்டர்டு கணக்கு கொடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) ஸ்டாண்டர்டு கணக்கில் ஓடினாலும் அந்தக் கணக்கில் உள்ள போட்டோக்களைப் பூட்டிவிடும், அதற்கு அட்மின் உரிமை தேவையே இல்லை. வெளி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்துக் கழற்றி வையுங்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், நன்றி. பிரிண்டர் மென்பொருள் போடும்போது பாஸ்வேர்டு கேட்டது, நிம்மதியாக இருந்தது.